எண்ணெய் கொட்டினால் பொறுப்பு யாருக்கு? மலையக மாணவர் ஒருவரின் கேள்விக்குப் பதில்

ஹட்டனுக்கு அருகிலுள்ள பாடசாலையொன்றில் உயர்தரம் கற்கும் மாணவர் ஒருவர், விவாதப் போட்டியொன்றுக்குத் தயாராகும்போது எழுந்த கேள்வியை எனக்கு அனுப்பியிருந்தார். கடலில் எண்ணெய் கொட்டும்போதெல்லாம் கம்பனிகளைக் குறை கூறுகிறோம்; ஆனால் அந்த எண்ணெய் நமக்காகத்தானே தோண்டி எடுக்கப்படுகிறது? நாமும் பஸ்ஸில் ஏறுகிறோம், நம் வீட்டிலும் மண்ணெண்ணெய் வாங்குகிறோம். அப்படியிருக்க, குற்றத்தில் நமக்குச் சம பங்கு இல்லையென்று எப்படிச் சொல்ல முடியும்? இதுவே அவர் கேட்டது. சீட்டுக் குலுக்கலில் அவருடைய அணிக்கு “பயன்படுத்துவோரே பொறுப்பு” என்ற பக்கம் விழுந்திருக்கிறதாம். தேயிலைத் தொழிற்சாலையில் தேயிலை உற்பத்தியைக் கவனிக்கும் டீமேக்கராக நீண்ட காலம் இருந்தவன் என்பதால் எரிபொருளோடு எனக்கிருந்த பழக்கத்தை அவர் அறிந்திருக்கிறார். அவர் அணிக்கு விழுந்த பக்கம் என்னுடைய பக்கம் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் அந்தப் பக்கத்தில் உண்மையே இல்லை என்று நான் கூறமாட்டேன். அது எங்கே இருக்கிறது என்பதையும் இந்தப் பதிலிலேயே காட்ட முயல்கிறேன்.

பொறுப்பு என்ற சொல் இந்த விவாதத்தில் இரண்டு வேறு விடயங்களுக்குப் பயன்படுகிறது. ஒரு கப்பல் உடைந்து, அல்லது ஒரு கிணறு வெடித்து, எண்ணெய் கடலில் பரவுவது ஒரு சம்பவம். அதற்கு நாளும் நேரமும் உண்டு, அந்த நேரத்தில் தீர்மானம் எடுத்த ஆட்களும் உண்டு. உலகம் முழுவதும் எண்ணெயிலும் நிலக்கரியிலும் இயங்குவது ஒரு நிலைமை. அது நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டியெழுப்பப்பட்டது. சம்பவத்துக்கான பொறுப்பைக் கேட்டால் நிலைமையைக் காட்டி விடை சொல்வது பெரிய நிறுவனங்களுக்கு மிகவும் வசதியான வழி. ஏனெனில் நிலைமை எல்லோருடையதும் ஆகும். எல்லோருடையதும் ஆனதற்கு ஒருவரிடமும் நட்டஈடு கேட்க முடியாது.

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொரைசன் என்ற துளையிடும் மேடை வெடித்ததை எடுத்துக்கொள்வோம். 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஏறத்தாழ 1,500 மீற்றர் ஆழத்திலிருந்த மக்கொண்டோ கிணற்றிலிருந்து 87 நாட்கள் எண்ணெய் பீறிட்டது. அமெரிக்க அரசின் மதிப்பீட்டின்படி அது 4.9 மில்லியன் பீப்பாய்கள். கிணறு பி.பி. நிறுவனத்துக்குரியது, மேடை ட்ரான்ஸ்ஓஷன் நிறுவனத்துக்குரியது, கிணற்றின் அடியை அடைக்கும் சீமெந்து வேலையை ஹலிபேர்ட்டன் செய்தது. அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்க செனட் சபையின் முன்னால் மூன்று நிறுவனங்களும் வந்து நின்றபோது பி.பி., எண்ணெய் பீறிடுவதைத் தடுக்க வேண்டிய ட்ரான்ஸ்ஓஷனின் கருவி வேலை செய்யவில்லை என்றது; ட்ரான்ஸ்ஓஷன் கிணற்றின் உரிமையாளரையும் சீமெந்தையும் காட்டியது; ஹலிபேர்ட்டன் தமக்குச் சொல்லப்பட்டதையே தாம் செய்ததாகக் கூறியது.

விசாரணைகளில் வெளிவந்தவை ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த எவருக்கும் விளங்கக்கூடியவை. மேடையின் வாடகை நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 இலட்சம் டொலர். வேலையோ திட்டமிட்ட காலத்தைக் கடந்துவிட்டிருந்தது. சீமெந்து சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக அழுத்தத்தைக் குறைத்துச் செய்யப்பட்ட சோதனை, கிணறு அடைபடவில்லை என்பதையே காட்டியது; அங்கிருந்தவர்கள் அதற்கு வேறொரு விளக்கம் கண்டுபிடித்து, சோதனை வெற்றி என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்கள். உலர்த்தும் இயந்திரத்தின் வெப்பமானி கூடுதலாகக் காட்டும்போது, “மானிதான் பழுது” என்று சொல்லிக் கொழுந்தைத் தொடர்ந்து உள்ளே விடுகிறவரை நான் பார்த்திருக்கிறேன். எங்களிடம் அதனால் ஒரு தொகுதித் தேயிலை கருகியது. அங்கே 11 உயிர்கள் போயின. 2014 செப்டெம்பரில் நீதிபதி கார்ல் பார்பியர் தவறைப் பங்கிட்டார்: பி.பி.க்கு 67 சதவீதம், ட்ரான்ஸ்ஓஷனுக்கு 30, ஹலிபேர்ட்டனுக்கு 3. பி.பி.யின் நடத்தை பாரதூரமான கவனயீனம் என்றும் அவர் தீர்ப்பில் குறிப்பிட்டார். லூசியானா மாநிலத்தில் கார் ஓட்டியவர்களும் அந்த எண்ணெய்க்குத்தான் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் நூறு சதவீதத்தையும் பங்கிட்டு முடித்தபோது அவர்களுக்கென்று ஒரு சதவீதமும் எஞ்சவில்லை. நீதிபதிக்குக் கருணை அதிகம் என்பதற்காக அப்படி நேரவில்லை; அந்தச் சோதனையின் முடிவை வாசித்தவர்களில் கார் ஓட்டியவர் எவரும் இருக்கவில்லை.

மாணவர் இங்கே ஒரு நியாயமான மறுப்பை எழுப்பலாம்: வாங்குபவர் இல்லாவிட்டால் கிணறே தோண்டப்பட்டிராதே? உண்மைதான். ஆனால் அதே தர்க்கத்தின்படி, பாண் வாங்குகிறவர் பேக்கரியின் தீ விபத்துக்கும் பொறுப்பாவார். ஒரு பொருளுக்கான தேவை அந்தப் பொருள் உற்பத்தியாவதற்குக் காரணம். அது கவனயீனமாக உற்பத்தியாவதற்குக் காரணம் அன்று. கவனத்துக்கும் செலவு உண்டு. அந்தச் செலவை மிச்சம் பிடித்தவர் யார் என்று கேட்டால், பெரும்பாலான எண்ணெய் விபத்துகளில் விடை வெகு விரைவில் வந்துவிடும்.

அந்த விடை கப்பல் உரிமையாளரோடு நின்றுவிட வேண்டியதும் இல்லை. 1999 டிசெம்பரில் பிரான்ஸின் பிரிட்டனிக் கரைக்கு அப்பால் எரிக்கா என்ற பழைய எண்ணெய்க் கப்பல் இரண்டாக உடைந்து, ஏறத்தாழ 20,000 தொன் கனரக எண்ணெய் கடலில் கலந்தது. அதன் சரக்கு டோட்டல் நிறுவனத்துடையது. கப்பல் எங்களுடையது அல்ல, நாங்கள் வாடகைக்கு அமர்த்தியவர்கள் மட்டுமே என்று அந்நிறுவனம் வாதிட்டது. ஆனால், கப்பலின் தகுதியைச் சோதிப்பதாகத் தாமாகவே ஏற்றுக்கொண்டுவிட்டு அதைச் சரியாகச் செய்யவில்லை என்பதைக் கொண்டு, பிரான்ஸின் அதியுயர் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2012-இல் அந்நிறுவனத்தின் பொறுப்பை உறுதிப்படுத்தியது. சரக்கை அனுப்பியவரும் பதில் சொல்லியாக வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இனி, மாணவரின் பக்கத்துக்கு உண்மையில் பலம் சேர்க்கும் இடத்துக்கு வருகிறேன். இது பொதுவாக எவரும் விவாத மேடையில் எடுத்துப் பேசாத ஒன்று. 1967 மார்ச்சில் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரைக்கு அருகே டொரி கன்யன் என்ற கப்பல் பாறையில் மோதி, அதிலிருந்த ஒரு இலட்சத்துக்கும் அதிகமான தொன் மசகெண்ணெய் கடலுக்குப் போனது. (தமிழ்நாட்டிலிருந்து வரும் நூல்களில் மசகு எண்ணெய் என்பது இயந்திரங்களுக்குப் போடும் எண்ணெயைக் குறிக்கும், நம் நாட்டுப் பத்திரிகைகள் அதைச் சுத்திகரிக்கப்படாத எண்ணெய்க்குப் பயன்படுத்துகின்றன. இரண்டையும் ஒருசேர வாசிப்பவர்கள் குழம்ப வேண்டாம்.) அந்த விபத்துக்குப் பிறகு உலக நாடுகள் இரண்டு உடன்படிக்கைகளைச் செய்துகொண்டன. 1969-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, தவறு இருந்ததோ இல்லையோ, எண்ணெய்க் கப்பலின் உரிமையாளர் ஒரு எல்லை வரை நட்டஈடு செலுத்த வேண்டும். அதற்காகக் காப்புறுதியும் வைத்திருக்க வேண்டும். 1971-ஆம் ஆண்டு உடன்படிக்கை, அந்த எல்லைக்கு மேற்பட்ட சேதத்துக்காக ஒரு சர்வதேச நிதியத்தை ஏற்படுத்தியது. அந்த நிதியத்துக்குப் பணம் கட்டுகிறவர்கள், உறுப்பு நாடுகளில் கடல்வழியாக ஆண்டுக்கு 1,50,000 தொன்னுக்கு மேல் எண்ணெய் பெறுகின்றவர்கள்; அதாவது சுத்திகரிப்பு நிலையங்களும் பெரிய இறக்குமதியாளர்களும். 1992-இல் திருத்தப்பட்ட அந்த ஏற்பாட்டில் இலங்கையும் ஓர் உறுப்பு நாடாகும்.

எண்ணெயைப் பெறுகின்றவர்களும் சேதத்தில் பங்கேற்க வேண்டும் என்பதை உலகச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு முன்பே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள். அந்தக் கட்டணம் எப்படியோ சில்லறை விலையில் சேர்ந்து நம்மிடமும் வரும். ஆகவே “நாமும் கொடுக்கிறோம்” என்பது கணக்குப்படி சரி. ஆனால் சட்டம் அந்தக் கட்டணத்தை எங்கே வசூலிக்கிறது என்பதைக் கவனியுங்கள். பெற்றோல் செட்டில் போத்தலோடு நிற்கும் ஆளிடம் அது கேட்கவில்லை. ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் தொன் பெறக்கூடிய, எந்தக் கப்பலில் வாங்குவது, யாரிடம் வாங்குவது என்று தெரிவு செய்யக்கூடிய இடத்தில்தான் கேட்கிறது.

2020 செப்டெம்பர் 3 அன்று நம் கிழக்குக் கரையில் சங்கமன்கண்டி முனைக்கு அப்பால் நியூ டயமன்ட் என்ற கப்பல் தீப்பிடித்தபோது அதில் ஏறத்தாழ 2,70,000 தொன் மசகெண்ணெய் இருந்தது. குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த சரக்கு அது. பிலிப்பைன்ஸ் நாட்டு மாலுமி ஒருவர் இறந்தார். நல்ல காலமாகச் சரக்கு எண்ணெய் கடலில் கொட்டவில்லை; கப்பலின் சொந்த எரிபொருளில் ஒரு பகுதியே கசிந்தது. சரக்கும் கொட்டியிருந்தால் முதலில் தொழில் இழந்திருப்பவர்கள் திருக்கோவிலிலும் பொத்துவிலிலும் வலை போடுகிறவர்கள். அந்த எண்ணெயிலிருந்து ஒரு துளி கூட அவர்களுடைய படகு இயந்திரத்துக்கு வந்திருக்கப் போவதில்லை. பயன்படுத்துவோரே பொறுப்பு என்று சொல்கிறவர்கள், பயன்படுத்துவோரும் பாதிக்கப்படுவோரும் ஒரே ஆட்கள் என்று மனத்துக்குள் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை.

மறு ஆண்டு எக்ஸ்-பிரஸ் பேர்ள் வந்தது. அது எண்ணெய்க் கப்பல் அல்ல, 1,486 கொள்கலன்களோடு வந்த சரக்குக் கப்பல். அதிலிருந்த நைத்திரிக் அமிலக் கொள்கலன் ஒன்று கசிவது பயணத்தின்போதே தெரிந்திருந்தது. கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசீரா துறைமுகத்திலும் அதை இறக்க இடம் கிடைக்கவில்லை. 2021 மே 20 அன்று கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்து, ஜூன் 2 அன்று மூழ்கத் தொடங்கியது. நீர்கொழும்பிலிருந்து தெற்கே வெகுதூரம் வரை கரையொதுங்கிய வெண்ணிறப் பிளாஸ்திக் உருண்டைகளைப் படங்களில் கண்டிருப்பீர்கள். ஏறத்தாழ 1,680 தொன். பிளாஸ்திக்கும் எண்ணெயிலிருந்தும் வாயுவிலிருந்தும் பிறப்பதுதான் என்பதால், எண்ணெய்க் கசிவின் இன்னொரு வடிவமாகவே நான் அதைப் பார்க்கிறேன். ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. முன் சொன்ன நிதியம் எண்ணெய்க் கப்பல்களுக்கு மட்டுமே உரியது. ஆபத்தான ஏனைய சரக்குகளுக்கென்று எழுதப்பட்ட உடன்படிக்கையோ அப்போது நடைமுறைக்கே வந்திருக்கவில்லை. இலண்டன் நீதிமன்றம் 2023-இல் உரிமையாளரின் பொறுப்பை ஏறத்தாழ 19 மில்லியன் பவுணாக மட்டுப்படுத்தியது. கப்பலின் கொள்ளளவைக் கொண்டு பொறுப்பின் எல்லையைக் கணக்கிடும் பழைய கடல்சார் விதி அது. சேதம் எவ்வளவு என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை.

நம் உயர் நீதிமன்றம் வேறு வழியில் சென்றது. கத்தோலிக்கத் திருச்சபையின் பேராயரும் சூழலியல் அமைப்பினரும் மீனவர்களும் தொடுத்த வழக்குகளில், 2025 ஜூலை 24 அன்று கப்பலுக்குரியவர்கள் 1 பில்லியன் அமெரிக்க டொலர் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. நம்முடைய அதிகாரிகள் தரப்பிலும் கடமை தவறியதை அது சுட்டிக்காட்டியது. அந்தத் தொகையைச் செலுத்தப் போவதில்லை என்று கப்பல் நிறுவனத்தின் தலைமை அதிகாரி அதே ஆண்டு செப்டெம்பரில் வெளிப்படையாகக் கூறினார். பொறுப்பு யாருக்கு என்று தீர்மானிப்பது ஒன்று, அதை வசூலிப்பது இன்னொன்று என்பதை விவாத மேடைகளில் நாம் மறந்துவிடுகிறோம்.

கடல் வரை போக வேண்டியதும் இல்லை. யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்தின் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது பலருக்கும் நினைவிருக்கும். அங்கு டீசலில் இயங்கிய மின்நிலையம் தொடர்பான வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நொதர்ன் பவர் நிறுவனம் 20 மில்லியன் ரூபாய் செலுத்த வேண்டும் என உத்தரவிட்டது. மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும் என்ற கோட்பாடுதான் அடிப்படை. அந்த மின்சாரத்தில் மின்குமிழ் எரித்தவர்களும் அதே ஊரவர்கள்தாம். “நீங்களும் மின்சாரம் பாவித்தீர்களே” என்று சொல்லி நீதிமன்றம் அவர்களுடைய பங்கைக் கழிக்கவில்லை.

இனி நிலைமைக்கு, அதாவது சார்ந்திருத்தலுக்கு வருவோம். மலையகத்தவர்கள் இந்த விவாதத்தில் கூடுதலாகப் பேச வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய். அதுவும் நிர்ணயித்த அளவு கொழுந்து பறித்தால்தான். ஒரு லீற்றருக்கு மூன்றிலொரு நாள் வேலை. லயத்தில் அடுப்புப் பற்றவைக்கவும் மின்சாரம் போன இரவில் குப்பி விளக்கு எரிக்கவும் அதை வாங்கியவருக்கு வேறு எந்தத் தெரிவும் இருக்கவில்லை. தெரிவே இல்லாத ஒருவரைப் பயன்படுத்துபவர் என்ற ஒரே சொல்லுக்குள், மூன்று வாகனம் வைத்திருப்பவரோடு சேர்த்து அடைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

இதைவிட விசித்திரமான ஒரு கணக்கு உண்டு. 2012-க்கு முன் ஈரானிடமிருந்து வாங்கிய எண்ணெய்க்காக நாடு ஏறத்தாழ 250 மில்லியன் டொலர் கடன்பட்டிருந்தது. ஈரான் மீதான தடைகளால் அதை வழமையான வங்கி வழியில் செலுத்த முடியவில்லை. சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் 1969-இல் ஈரானிய எண்ணெய் வகையைக் கருத்திற்கொண்டு கட்டப்பட்டது என்பதால் நெடுங்காலம் அந்த எண்ணெயையே நம்பியிருந்தோம். 2021 டிசெம்பரில் இந்தக் கடனை மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையால் தீர்ப்பதென ஒப்பந்தமானது. 2023-இல் தேயிலை கப்பலேறத் தொடங்கியது. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும் என்பதைத் தொழிற்சாலையில் நின்றவர்கள் அறிவார்கள். கொழும்பின் வீதிகளிலும் மின்நிலையங்களிலும் பத்து ஆண்டுகளுக்கு முன்பு எரிந்து முடிந்த எண்ணெய்க்கான விலை அப்போது கொழுந்துக் கூடைகளில் நிறுக்கப்பட்டது. ஏற்றுமதியாளருக்கு ரூபாயில் பணம் கிடைத்தது என்பது சரி. இதனால் தொழிலாளி நேரடியாக நட்டமடைந்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் “எண்ணெய்க்காக நீ என்ன கொடுத்தாய்?” என்று மலையகத்தாரைக் கேட்பதற்கு முன் இந்த ஏற்பாட்டை ஒருமுறை நினைவுகூருவது நல்லது.

மின்சாரத்தையும் பாருங்கள். லக்ஷபான நீர்மின் நிலையம் 1950-இலிருந்து நாட்டுக்கு மின்சாரம் தருகிறது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களும், 2012-இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவோட் மேல் கொத்மலைத் திட்டமும் இந்த மலைகளின் நீரில்தான் நிற்கின்றன. பின்னதற்காகத் தலவாக்கலையில் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன, சென் கிளயர் அருவியின் நீர் குறைந்தது. எரிபொருள் எரிக்காத மின்சாரத்தை நாட்டுக்குக் கொடுத்த இதே பிரதேசத்தில் பல லயங்களுக்கு எண்பதுகளிலும் மின்கம்பி வந்திருக்கவில்லை. மழை பொய்த்த மாதங்களில் எண்ணெயில் இயங்கும் நிலையங்களை ஓட்ட வேண்டியிருக்கிறது. அதனால்தான் டீசல் வாங்க டொலர் இல்லாமற்போன 2022 மார்ச் இறுதியில் நாடு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்தது.

சார்ந்திருத்தல் இயற்கையாக வளர்ந்த செடி அன்று. ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ எடுத்த முடிவு அதில் இருக்கிறது. நானுஓயாவிலிருந்து ராகலை வரை ஒரு காலத்தில் சிறிய ரயில் ஓடியது. நாற்பதுகளில் அதை மூடினார்கள். இன்று நுவரெலியாவின் மரக்கறி முழுவதும் லொறியில் இறங்குகிறது. அந்த லொறிச் சாரதி டீசல் எரிக்கிறார் என்பதற்காக அவரைக் குற்றவாளியாக்குவதா, அல்லது மாற்றுவழியை வளர்க்காமல் விட்டவர்களைக் கேட்பதா? 2021-இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் தடுத்தபோதும் இதே பாடம்தான் கிடைத்தது. யூரியா இயற்கை வாயுவிலிருந்து செய்யப்படுவது. ஆகவே தேயிலைச் செடியும் ஒரு வகையில் புதைபடிவ எரிபொருளைச் சார்ந்தே தழைக்கிறது. அந்தச் சார்பைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. மாற்று ஒன்றும் கையில் இல்லாமல் குறைக்கப் போனதால் கொழுந்து குறைந்தது. கொழுந்து குறைந்தபோது நாட்சம்பளம் குறைந்தது.

தனிமனிதர் தம்முடைய “கார்பன் தடத்தை”, அதாவது தம்மால் வெளியாகும் கார்பனின் அளவை, அளந்து பார்க்க வேண்டும் என்ற பேச்சு இப்போது பாடசாலைகளிலும் நடக்கிறது. அதை உலகெங்கும் பிரபலப்படுத்தியவர்களில் பி.பி. நிறுவனமே முக்கியமானது, 2004-இல் தன் இணையத்தளத்தில் அதற்கென ஒரு கணிப்பானையும் வெளியிட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து மக்கொண்டோ வெடித்தது. கணக்கில் பிழை இல்லை. பார்வை எங்கே திருப்பப்பட்டது என்பதே கவனிக்க வேண்டியது. ரிச்சர்ட் ஹீடி என்ற ஆய்வாளர் அதே கணக்கை மறுமுனையிலிருந்து போட்டு, 1751 முதல் 2010 வரையான தொழில்துறைக் கார்பன் வெளியீட்டில் ஏறத்தாழ 63 சதவீதம் 90 பெரிய உற்பத்தியாளர்கள் எடுத்து விற்ற எரிபொருள், சீமெந்து என்பவற்றிலிருந்து வந்தது என்று காட்டினார். இரண்டும் ஒரே புகையை அளக்கின்றன. ஒன்று பல நூறு கோடி மனிதர்களிடம் கேள்வி கேட்கச் சொல்கிறது. மற்றது 90 அலுவலகங்களில் கேட்கச் சொல்கிறது. எக்ஸ்-பிரஸ் பேர்ள் தீர்ப்புக்கு ஒரு நாள் முன்பு, 2025 ஜூலை 23 அன்று, ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றமும் பசிபிக் தீவு நாடான வனுவாட்டு முன்னெடுத்த கேள்விக்கான ஆலோசனைக் கருத்தில், காலநிலையைப் பாதுகாப்பது நாடுகளின் சட்டக் கடமை என்றும், புதைபடிவ எரிபொருள் உற்பத்தி, நுகர்வு, அதற்கான மானியம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தத் தவறுவது சட்டவிரோதச் செயலாகலாம் என்றும் கூறியது. கவனியுங்கள், நுகர்வும் அதில் இருக்கிறது. ஆனால் கடமை சுமத்தப்பட்டது அரசுகள் மீது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் நம் மலைச்சரிவுகள் இறங்கி, நாடு முழுவதும் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஒரு புயலை ஒரு கம்பனியின் கணக்கில் எழுத முடியாது. வெப்பமடையும் கடல் கடுமையான மழைக்கு இடங்கொடுக்கிறது என்பது மட்டும் அறிவியல் ஏற்றுக்கொண்ட செய்தி.

நாம் முற்றிலும் குற்றமற்றவர்களா என்றால், அதற்கும் ஆம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எண்ணெய்க் கப்பல்களிலிருந்து ஏழு தொன்னுக்கு மேல் கொட்டும் விபத்துகள் எழுபதுகளோடு ஒப்பிட்டால் வெகுவாகக் குறைந்துவிட்டன. அப்போது ஆண்டுக்குச் சராசரியாக எழுபதுக்கு மேல் நடந்தவை, 2010-களில் ஆறேழாகின. வட அமெரிக்கக் கடல்களுக்கு வந்துசேரும் எண்ணெயில் பெரும்பங்கு நிலத்திலிருந்து, வீதிகளையும் வடிகால்களையும் கழுவிவரும் நீரோடு வருகிறது என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. இதை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது நான் முன்னர் பணிபுரிந்த ஒரு தொழிற்சாலை. ஜெனரேட்டரிலிருந்து வடித்த கழிவு எண்ணெயைப் பின்புறக் கானில் ஊற்றுவது அங்கே வழக்கமாக இருந்தது. கான் ஓடையில் விழும், ஓடை கொத்மலை ஓயாவில் விழும். கீழே லயத்தார் துணி துவைக்கும் இடத்தில் நீரின் மேல் வானவில் நிறம் படர்ந்ததைப் பார்த்த பிறகுதான், ஒரு வெற்றுப் பீப்பாயை வைத்து அதில் சேகரிக்கச் சொன்னேன். அதற்கு முன் பல மாதங்கள் நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அங்கே தெரிவு இருந்தது. தெரிவு என் கையிலேயே இருந்தது. பீப்பாய்க்குச் செலவும் இல்லை. முச்சக்கர வண்டி கழுவும் இடங்களிலும் வாகனத் திருத்துமிடங்களிலும் இன்றும் நடப்பது இதுவே.

ஆகவே மாணவருக்கு என் பரிந்துரை இது. “பயன்படுத்துவோரே பொறுப்பு” என்ற பக்கத்தில்தான் பேசியாக வேண்டுமென்றால், கழிவு எண்ணெய்க் கானிலிருந்து தொடங்குங்கள். பிறகு 1,50,000 தொன் விதிக்குப் போங்கள். அதன் பிறகு நுகர்வைப் பற்றிச் சர்வதேச நீதிமன்றம் சொன்னதை எடுங்கள். இந்த மூன்றும் எதிரணிக்குச் சுலபமாக மறுக்க முடியாதவை. பஸ் பயணிகளையும் லயத்து விளக்கையும் உதாரணமாகக் கொண்டுவராதீர்கள். எதிரணியில் கொஞ்சம் வாசித்தவர் ஒருவர் இருந்தாலும், மண்ணெண்ணெய் விலையின் 87-ஐயும் 340-ஐயும் சொல்லி உங்களை அந்த இடத்திலேயே அமர்த்திவிடுவார்.